கம்பிக்கு வரி, குடைக்கு இல்லை

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் அண்ணியும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். உன் ஆலை மறுபடி திறந்த செய்தியைப் படித்ததும் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீதியைப் படித்துவிட்டு, தங்கச்சிக்கு வயிற்றெரிச்சல் என்று நினைத்துவிடாதே.

ஏன் பதிலே இல்லை என்று கேட்டிருந்தாய். குடைப் பட்டறையை மூடிவிட்டோம்.

உங்கள் ஆலையில் குடைக்கம்பி செய்கிறீர்கள். நாங்கள் வாங்கியதோ வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிற கம்பி. அந்த நாட்டுக்காரர்கள் தங்கள் ஊரில் விற்கும் விலையைவிடக் குறைத்து இங்கே கொண்டுவந்து கொட்டுகிறார்கள், அதனால்தான் ஆலை படுத்துவிட்டது என்று நீ அரசாங்க விசாரணையில் சாட்சி சொன்னாய். பொய் ஒன்றும் சொல்லவில்லை. சம்பளமில்லாமல் நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதா? அந்த இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு, அதையே வரியாகக் கம்பியின் தலையில் வைத்தார்கள். நியாயம்தான்.

உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. விசாரணை நடந்தபோது எங்களுக்கும் கேள்வித்தாள் வந்தது. கம்பி வாங்குகிறவர்களும் தங்கள் கஷ்டத்தைச் சொல்லலாமாம். இவர் அதைப் படித்துவிட்டு, 'நான் எழுதினா மச்சானுக்கு எதிரா எழுதின மாதிரி ஆயிடும்' என்று ஓரமாக வைத்துவிட்டார். மற்ற பட்டறைக்காரர்களும் இது பெரிய இடத்துச் சண்டை, நமக்கென்ன என்று இருந்துவிட்டார்கள். எங்கள் பக்கம் பேச ஒரு ஆளும் இல்லை.

எங்கள் சரக்கு கடலில் வந்துகொண்டிருக்கும்போதே வரி உத்தரவு வந்துவிட்டது. வரியைக் கட்டினால்தான் துறைமுகத்திலிருந்து எடுக்க முடியும் என்றார்கள். கட்டி எடுத்தால் குடையை யானை விலைக்கு விற்க வேண்டும். சரி, உங்கள் ஆலைக் கம்பியையே வாங்கலாம் என்று விலை கேட்டோம். போட்டி ஒழிந்ததும் உன் முதலாளி விலையை ஏற்றிவிட்டாரே, தெரியுமா?

அதுவாவது போகட்டும். வரி கம்பிக்குத்தான், குடைக்கு இல்லை. அந்த நாட்டுக்காரன் என்ன முட்டாளா? அதே கம்பியில் துணியைத் தைத்து முழுக் குடையாகவே அனுப்புகிறான். எங்கள் தெருமுனைக் கடையில் தொங்குகிறது. நாங்கள் கம்பிக்குக் கொடுக்கும் காசுக்கு அவன் குடையையே கொடுத்துவிடுகிறான். இவர் ஒன்றை வாங்கி வந்து விரித்தார், மடக்கினார், தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'நல்லாத்தான் பண்ணியிருக்கான்' என்றார். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

தைக்க வரும் பெண்களிடம் சொல்ல வாய் வராமல் என்னை அனுப்பினார். அவர்களில் ஒருத்தி, 'மழைக்காலம் வந்தா கூப்பிடுவீங்கல்லக்கா?' என்று கேட்டாள். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். இந்தத் தெருவில் எங்களோடு இன்னும் இரண்டு பட்டறை மூடியாயிற்று. இனி உங்கள் கம்பியை யார் வாங்குவார்கள் என்று உன் முதலாளி யோசித்தாரோ என்னவோ. இதை நினைத்தால் எனக்குக் கோபமும் வருகிறது, பயமும் வருகிறது.

இவர் காலையில் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார். பூட்டின பட்டறைக்குள்ளே சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். நேற்று அவராகவே, 'மச்சான் ஆலையில ஆள் எடுக்கறாங்களாமே' என்றார்.

கம்பியை எண்ணிக் கட்டுக் கட்டும் இடத்துக்கு ஆள் தேவை என்று எழுதியிருந்தாய். அங்கே நீதான் இப்போது மேற்பார்வை. இவரைச் சேர்த்துவிடு, அண்ணா. ஆலைப் பக்கமாக ஒரு சின்ன அறையும் பார்த்து வை. கேள்வித்தாள் விஷயம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. உன் ஆலை நன்றாக ஓட வேண்டும். இனி இரண்டு வீட்டுக்கும் அதுதான் சோறு.

இன்னும் ஒன்று. வேலை இடத்தில் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடாதே. மற்ற ஆட்களைப் போலப் பேர் சொல்லியே கூப்பிடு. தப்பு செய்தால் திட்டு. ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும்போது மட்டும், பழையபடி எழுந்து நின்று, 'வாங்க மாப்பிள்ளை' என்று சொல்லு.

இப்படிக்கு
உன் தங்கச்சி