மேற்கம்பி இல்லாத மிதிவண்டியைச் சுமக்கத் தவறிய தேர் குறித்து நெடும்பொழில் மன்னர் விடுத்த ஓலை

நலம் பெருகுக. மலை குளிர்க. சுனைகள் வற்றாதிருக்க.

முகில் தவழும் குன்றுகளுக்கு உரியவரும், கணவாயின் இருபுறத்தாருக்கும் நீதி வழங்குபவரும், வெண்குறிஞ்சி நாட்டை ஆண்டருளும் பெருமாட்டியும், நெடும்பொழில் அரண்மனையில் பிறந்த மூத்த மகளுமாகிய நீலவஞ்சியார் திருமுன்னர்க்கு, தங்கள் தம்பியாராகிய நெடும்பொழில் மன்னர் விடங்கவேள் சொல்லியருள, ஓலைநாயகம் குழைக்காதன் வணங்கி எழுதியது. தங்கள் நாட்டில் மழையும் தினையும் குறைவின்றி விளங்கவும், தங்கள் மக்கள் நலமாயிருக்கவும், தங்கள் கால்வலி தீர்ந்திருக்கவும் மன்னர் வேண்டுகிறார். கடைசி வேண்டுதலை இருமுறை சொல்லி எழுதச் சொன்னார்.

அரச ஓலைகளில் மன்னரின் வெற்றிப் பட்டங்கள் முதலில் வருதல் முறை. அவற்றை எழுத முனைந்தபோது, பெயர் மட்டும் போதும், அதுவுமே இப்போது சற்று அதிகம் என்று மன்னர் தடுத்துவிட்டார். பட்டங்களைக் கேட்டுக் கேட்டுப் பூரிப்பவர் அவர் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஆகவே அவர் நெஞ்சு எவ்வளவு குன்றியிருக்கிறது என்பதை இதிலிருந்தே உணரலாம்.

நடந்ததில் தாங்கள் கண்டவை தங்களுக்குத் தெரியும். காணாதவற்றை ஒளிக்காமல் அறிவிக்கவே இவ்வோலை.

பிறந்தகம் வந்து திரும்பும் அரசமகள் தன் வாகனத்தைத் தானே ஓட்டிச் செல்லலாகாது. பிறந்தகத்துத் தேர் அதைத் தன் முதுகில் ஏற்றி எல்லைவரை சுமந்து இறக்கவேண்டும் என்பது இரு நாட்டு வழக்கம். மன்னரின் முடிசூட்டு நாளில் இருவருக்கும் நேர்ந்த மனக்கசப்புக்குப் பிறகு தாங்கள் நெடும்பொழிலை எட்டிப் பார்த்ததில்லை. இவ்வாண்டு தாங்களே வருவதாகவும், தங்கள் பழைய மிதிவண்டியிலேயே கணவாய் இறங்கி வருவதாகவும் செய்தி வந்தபோது, மன்னர் எதிர்ப்பட்டவரிடமெல்லாம் அக்கா வருகிறார், அக்கா வருகிறார் என்று சொல்லிக்கொண்டே திரிந்தார்.

தேரின் பின்புறத்தில் வாகனத்தை ஏற்றும் பழைய தாங்கி துருவேறிக் கிடந்ததால், புதியதைத் தேர்ந்தெடுக்கவேண்டியதாயிற்று. நாட்டின் பெயர்பெற்ற இரு கம்மியர் குழுவினர் ஆளுக்கொரு தாங்கியைக் கொண்டுவந்தனர். இரண்டுமே தேரின் அடியிலுள்ள இரும்புக் குழலில் செருகி ஆணியிடத்தக்கவை. இரண்டுமே முதல் தரத்து வேலை. ஒன்று தட்டுத் தாங்கி. சக்கரங்கள் இரண்டும் நீண்ட பள்ளத்தில் நிற்க, கொக்கிக் கை ஒன்று முன்சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும். மற்றது தொங்கு தாங்கி. நீட்டிய இரு கைகளில், வண்டியின் கைப்பிடிக்கும் இருக்கைக்கும் இடையே ஓடும் மேற்கம்பியைத் தொங்கவிட்டு வாரால் இறுக்கவேண்டும். வேலை முடிந்ததும் அக்கைகள் மடங்கி ஒடுங்கிவிடும்.

தேர்த்துறை அமைச்சர் பொற்கோடனார் தட்டுத் தாங்கியே தக்கது என்றார். எந்த வண்டியானாலும் அதற்குச் சக்கரம் உண்டு, சக்கரத்தைப் பிடிப்பதே பிடி என்பது அவர் வாதம். ஆனால் அத்தாங்கி பருத்தது. தேரின் பின்பலகையில் புதிதாகப் பொன்பூசி எழுதிய எழும் நாரைச் சின்னத்தை அது முக்கால்வாசி மறைத்துவிட்டது. வழியெங்கும் மக்கள் காணப்போவது தேரின் முதுகை. அங்கே நெடும்பொழிலின் நாரை இறகுமட்டும் நீட்டிக்கொண்டு நிற்பதா என்று மன்னர் முகம் சுளித்தார். தொங்கு தாங்கியைப் பூட்டிப் பார்த்தார்கள். நாரை முழுதாகத் தெரிந்தது. சோதனைக்காக ஒரு மிதிவண்டியைத் தொங்கவிட்டுத் தேரைக் கல்வழியில் ஓட்டியும் பார்த்தார்கள், இம்மியும் அசையவில்லை. மன்னர் பொற்கோடனாரைப் பார்த்துச் சிரித்தார்.

சோதனைக்குத் தொங்கவிட்டது மன்னரின் சொந்த வண்டி. அதற்கு மேற்கம்பி உண்டு. தங்கள் வண்டி, புடவை உடுத்தி ஏறுவதற்கென வளைந்து தாழ்ந்த உடலுடையது. அதற்கு மேற்கம்பி கிடையாது. இதை நாட்டில் வேறெவர் மறந்தாலும் மன்னர் மறந்திருக்கக் கூடாது. அவர் மிதிக்கக் கற்றதே அந்த வண்டியில்தான். இருக்கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியவர் தாங்கள். பொன் நாரை கண்ணை மறைத்துவிட்டது என்று மன்னர் சொல்லச் சொன்னார். நாரையின்மேல் பழிபோடுவது முறையாகாது என்று இதை எழுதுபவன் சொல்ல, சரி, ஆணவம் என்றே எழுது என்றார். எழுதியாயிற்று.

புறப்படும் காலையில்தான் விவரம் விளங்கியது. மேளம் முழங்கிவிட்டது, தாங்கள் வழக்கப்படி பின்னோக்கிய இருக்கையில் அமர்ந்துவிட்டீர்கள். தாங்கியை மாற்றப் பொழுது கேட்டார் பொற்கோடனார். ஊரே பார்க்கத் தாங்கியைக் கழற்றி மாட்டுவது இழுக்கு என்று மன்னர் மறுத்தார். கைப்பிடிக்கும் இருக்கைக்கும் குறுக்கே ஒரு மூங்கிற்கழியைக் கட்டி, அதையே மேற்கம்பியாக வைத்துத் தொங்கவிடப் பணித்தார். கழியின்மேல் பட்டு சுற்றவும் மறக்கவில்லை.

கற்சரிவில் அக்கழி பிளந்தது. வண்டி விழுந்து, வாரில் சிக்கித் தரையில் இழுபட்டது. வழியில் நின்ற மக்கள், வண்டி விழுந்துவிட்டது, தேரை நிறுத்துங்கள் என்று கூவினார்கள். முன்தட்டில் அமர்ந்திருந்த மன்னர் அதை வாழ்த்தொலி என்று எண்ணிக்கொண்டார். கையெடுத்துக் கும்பிட்டார். அவர்கள் இன்னும் உரக்கக் கூவ, எழுந்து நின்று கும்பிட்டார். இப்பகுதியைச் சொல்கையில் மன்னர் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

தாங்கள் மணிக்கயிற்றை இழுத்துத் தேரை நிறுத்தி இறங்கியதும், ஏவலரை விலக்கிவிட்டுக் கோணிய முன்சக்கரத்தைத் தாங்களே தூக்கிப் பிடித்ததும், பின்பலகையின் பொன் நாரையைப் பார்த்தபடி, பிறந்த வீடு சுமக்கும் என்று நம்பி வந்ததாகவும், அவ்வீட்டுக்குத் தன் சின்னம் மறையக் கூடாது என்பது தெரிந்திருந்தால் சுமையாக வந்திருக்கமாட்டீர்கள் என்றும் மொழிந்ததும் மன்னர் நெஞ்சில் அப்படியே நிற்கின்றன. அதன்பின் எல்லைக்கல்வரை தாங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தீர்கள். மன்னர் இறங்கி உடன் நடந்திருக்கவேண்டும். இறங்கினால் எல்லாரும் பார்ப்பார்களே என்று கூசி, தேரிலேயே அமர்ந்து பின்னால் வந்தார். விழுந்த வண்டியைவிடவும் இதுதான் தம்மைத் தின்கிறது என்கிறார். தமக்கு வெட்கமாயிருக்கிறது என்பதை எவ்விதச் சொல்லணியுமின்றி எழுதச் சொன்னார். மன்னருக்கு வெட்கமாயிருக்கிறது.

தாங்கள் இனி நெடும்பொழிலுக்கு வருவீர்களா என்பது ஒன்றே அவர் கேட்க விரும்புவது. கேட்கும் தகுதி தமக்கு இல்லை என்பதால் கேட்கவில்லை.

அரச ஓலை கட்டளையில் முடியவேண்டும். இம்முறை கட்டளை எழுதுமிடத்தை வெறுமையாக விட்டு, அதன்கீழ் முத்திரை இட்டுவிடுமாறு மன்னர் பணித்தார். வெற்று ஓலையில் முத்திரை இடுவது கூடாது, ஓலையைப் பெறுபவர் நாட்டையே கேட்டு எழுதினாலும் கொடுத்தாக வேண்டும் என்று இதை எழுதுபவன் வாதாடினான். அக்கா எழுதுவது எதுவாயினும் அதுவே நெடும்பொழிலின் சட்டம் என்றும், பிறந்தகத்தின் வாசலை இனி மிதிப்பதில்லை என்று எழுதினால் அதையும் தாமே தெருவில் நின்று உரக்கப் படித்து அறிவிப்பதாகவும் மன்னர் கூறினார். பிறகு முத்திரையைத் தம் கையாலேயே அழுத்தினார்.

கட்டளை:



இதற்குக் கீழ்ப்படிவேன். விடங்கவேள். நெடும்பொழில் அரச முத்திரை.