மஞ்சள் மேசைக்கு ஒன்பது

3 அக்டோபர் 2024, வியாழன்

காலையிலிருந்து என்னிடம் நான்கு பேர் வந்தார்கள். நான்கு பேரும் போனை எடுத்து என்னையே ஒரு படம் பிடித்துப் பார்த்தார்கள். பிறகு தங்கள் பழைய போனில் ஆன்லைன் விலையைத் தட்டிக் காட்டினார்கள். "இதுல ரெண்டாயிரம் கம்மியா இருக்கே, நீங்க என்ன கூடச் சொல்லுதீங்க?" அந்த ஆன்லைனில் விற்பதும் எங்கள் கம்பெனிதான். ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேரை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பதற்குப் பெயர் ஸ்ட்ராட்டஜியாம். எங்கள் ஏரியா மானேஜர் ஹரி சார் மதுரையிலிருந்து வந்து பாடம் எடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

சோலைராஜ் அண்ணாச்சியின் போன் கடையில் கம்பெனி ஆட்கள் நாங்கள் இரண்டு பேர். எனக்கு நீலச் சட்டை, நீல மேசை. எதிரே ஜெயபாண்டிக்கு மஞ்சள் சட்டை, மஞ்சள் மேசை. சம்பளம் கடை தருவதில்லை, அவரவர் கம்பெனி தருகிறது. வாசலில் தலை தெரிந்ததும் யார் முந்தி "வாங்க" என்கிறோமோ அவருக்கு யோகம்.

இன்று அவர் விற்றது மூன்று. நான் இரண்டு.

5 அக்டோபர், சனி

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் கம்பெனி குரூப்பில் இரண்டு எண் போடவேண்டும். நான் விற்றது ஒன்று, எதிர் மேசை விற்றது ஒன்று. முதல் வருஷம் பூராவும் நாங்கள் ஒருவரை ஒருவர் வேவு பார்த்தோம். குப்பைக்கூடையில் கிடக்கும் காலி உறைகளை எண்ணக் குனிந்து, ஒரு நாள் இரண்டு மண்டையும் இடித்துக்கொண்டன. அதோடு சரி. அன்றிலிருந்து, "ஈஸ்வரி, எனக்கு மூணுன்னு போட்டுக்கோங்க" என்பார். "எனக்கு ரெண்டு" என்பேன். முடிந்தது வேவு.

இன்று அவர் ஒரு யோசனை சொன்னார். "விக்கலேன்னா ஏன் விக்கலேன்னு நம்மளைக் கேக்காவ. எதிர்ல ஆறு வித்துட்டாவன்னு போட்டா, அந்தக் கம்பெனி ஆஃபர் அப்படின்னு விட்டுருவாவ. நீங்க எனக்கு ஆறு போடுங்க, நான் உங்களுக்கு ஆறு போடுதேன்."

பொய்தான். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய் என்று நினைத்துப் போட்டேன்.

14 அக்டோபர், திங்கள்

ஹரி சார் போனில் கத்தினார். "தீபாவளிக்கு ஊரே வாங்கும்ல மேடம், நீங்க மட்டும் ஏன் விக்க மாட்டேங்கிறீங்க?"

ஊர் வாங்கும். கரிசக்காடு வாங்காது. இப்போது விதைப்புக் காலம். உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம் போய், இதில் மூன்று காமிரா, அதில் நான்கு காமிரா என்றால் அடிக்க வரமாட்டார்களா? அவர்கள் காசு தையில்தான் கைக்கு வரும். தீபாவளிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் பெண்களுக்கு வரும் போனஸ் ஒன்றுதான் நம்பிக்கை. இதைச் சொன்னேன். "அதெல்லாம் நீங்க யோசிக்காதீங்க, மேல பிளான் போட்டாச்சு" என்றார்.

தொடர்ந்து மூன்று மாதம் டார்கெட் எட்டாவிட்டால் நீலச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். எனக்கு இது இரண்டாவது மாதம்.

இந்த வேலை போகக் கூடாது. ஓட்டப்பிடாரத்தில் கட்டிக்கொடுத்த வீட்டை விட்டு ஒரே ஒரு பையோடு வந்து ஆறு வருஷம் ஆகிறது. கோர்ட்டில் தீர்ந்தே மூன்று வருஷம். வந்த புதிதில் அப்பாவிடம் இன்னும் கொஞ்சம் சோறு கேட்கவே கூச்சமாக இருக்கும். இந்த மேசை முன்னால் நின்ற பிறகுதான் நாலு பேர், "எது நல்லதுன்னு நீங்க சொல்லுங்க மேடம்" என்று என்னைக் கேட்டார்கள். அதற்கு முன் என்னை யாரும் எதையும் கேட்டதில்லை. கல்யாணத்துக்குக்கூட.

22 அக்டோபர், செவ்வாய்

அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டு மூன்று மணிக்குத்தான் கடைக்கு வந்தேன். என் மேசையில் இரண்டு போன் விற்றிருந்தது. யார் விற்றது என்று கேட்டால் அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரிக்கிறார். "இவந்தாம்மா. மஞ்சச் சட்டை தெரியக் கூடாதுன்னு மேல மழைக்கோட்டப் போட்டுக்கிட்டு வித்தான். வெளிய வெயில் மண்டையப் பொளக்கு, வந்தவன் இவனை ஒரு மாதிரிப் பாத்துட்டுப் போறான்!"

யாராவது படம் பிடித்து அனுப்பியிருந்தால் இன்றோடு அவர் வேலை போயிருக்கும். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கோபமாகத்தான் கேட்டேன். "நீலம் நல்லாருக்கும்னு சொல்ல எனக்கு வாயே கூசிட்டு" என்றார். வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது.

ஏழு மணிக்கு மஞ்சள் மேசைக்கு எட்டு என்று போட்டேன். பேசி வைத்திருந்தது ஆறு.

30 அக்டோபர், புதன்

போனஸ் வாங்கிய பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். தொண்டை கட்டிவிட்டது. நான் ஐந்து, அவர் ஆறு. உண்மையான ஆறு.

நான் போட்டது ஒன்பது. எதற்கு ஒன்பது? என் விற்பனைக்குச் சாக்குச் சொல்ல ஆறே போதுமே. அவர் பெயருக்கு நேரே சின்ன எண் போட எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். இதை இங்கே எழுதிவிட்டேன். வேறெங்கும் சொல்லப் போவதில்லை.

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. அவர் ஊருக்குப் போய்விட்டார். மஞ்சள் மேசையைத் துடைத்து வைத்தேன். என் மேசை தூசியோடுதான் கிடந்தது.

11 நவம்பர், திங்கள்

ஹரி சார் திடுதிப்பென்று வந்தார். என்னிடம் இரண்டு வார்த்தை. பிறகு ஜெயபாண்டியை டீக்கடைக்குக் கூட்டிப் போனார். அரை மணி நேரம்! எதிரிக் கம்பெனிக்காரரோடு என்ன பேச்சு?

12 நவம்பர், செவ்வாய்

அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

13 நவம்பர், புதன்

சொல்லிவிட்டார். "ஈஸ்வரி, உங்க எடத்துக்கு என்னையக் கூப்பிடுதாவ. சம்பளமும் கூடத் தாராவளாம்."

ஒரு நாளைக்கு ஒன்பது விற்கிற ஆள் எதிர் மேசையில் நிற்கும்போது இந்த மேடம் எதற்கு என்று மேலே முடிவு செய்துவிட்டார்களாம். ஒன்பது என்று எழுதியது யார்? நான். இந்த விரல். என் வேலைக்கு நானே ஆள் பார்த்துக் கொடுத்திருக்கிறேன்!

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். "யோசிச்சுச் சொல்லுதேன்னேன்" என்றார்.

என்னத்த யோசிக்கணும்? மாட்டேன்னு ஒரு வார்த்த வராதா வாயில? மழைக்கோட்டுப் போட்டு வித்த ஆளு தானே? ஒருத்தனை நம்பிப் பட்டது போதாதாட்டி உனக்கு? போ. நல்லா வேணும்.

14 நவம்பர், வியாழன்

அவர் மூன்று விற்றார். மூன்று என்றே போட்டேன்.

16 நவம்பர், சனி

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே வந்தார். தூறல் வேறு. நிற்க மாட்டேன் என்றேன், நடந்துகொண்டே கேளுங்க என்றார்.

"நான் மாட்டேன்னா திருநெல்வேலில இருந்து வேற ஆள் வருவான். எப்படியும் உங்களை எடுத்துருவாவ. அதான் யோசிக்கேன்னு நேரம் வாங்கினேன். எங்க மானேஜர் ஜெயப்பிரியா மேடத்துக்குப் போன் போட்டேன். நான் போறேன் மேடம், என் எடத்துக்கு எதிர் மேசைல நிக்கவியளை எடுத்துக்கோங்கன்னேன். அவியளுக்கு உங்களைத் தெரியும். தினமும் ஒம்பது விக்கிற ஆளுன்னு."

ஒன்பதா? ஆறு என்றுதானே பேச்சு?

கேட்டேன். செருப்பில் ஒட்டிய கரிசல் மண்ணை ஒரு கல்லில் தேய்த்துக்கொண்டே நின்றார். தேய்க்கத் தேய்க்கப் போகவில்லை. எனக்கு அப்படியே உருகிவிட்டது. ஆனால் விடவில்லை. "என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா? நீங்களே பேசி, நீங்களே முடிச்சு, இதுவும் எனக்குத் தாலி கட்டி அனுப்புன மாதிரிதானே?" என்றேன்.

அவர் முகம் செத்துவிட்டது. "தப்புதான். வேண்டாம்னா இப்பவே போன் பண்ணி இல்லேன்னு சொல்லிருதேன்" என்றார்.

வேண்டாம், நானே போய்ப் பேசிக்கொள்கிறேன் என்று பஸ் ஏறிவிட்டேன்.

18 நவம்பர், திங்கள்

திருநெல்வேலி. மஞ்சள் கம்பெனி ஆபீஸ். ஜெயப்பிரியா மேடம் என்னைவிடச் சின்னப் பெண். "ஒரு நாளைக்கு ஒன்பது விக்கிறீங்க, பெரிய விஷயம்" என்றார்.

போகும் வழியெல்லாம் வாயை மூடிக்கொண்டிரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் போனேன். முடியவில்லை. "அது பொய் மேடம். ரெண்டு, மூணு. நல்ல நாள்ல அஞ்சு. நாங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டோம்."

"அப்புறம் உங்களை ஏன் எடுக்கணும்?"

அதற்கு மேல் பயம் போய்விட்டது. எங்கள் பக்கத்துக் காட்டு வேலைக் கணக்கை வரிசையாகச் சொன்னேன். தீபாவளிக்கு எல்லாக் கம்பெனியும் அடித்துக்கொள்கிறது, அப்போது விதைத்துவிட்டு நிற்கும் சம்சாரி கையில் காசு இல்லை. தையில் உளுந்து வீட்டுக்கு வந்து கையில் காசு புழங்கும்போது, எல்லாரும் ஆஃபரை மூட்டை கட்டிக்கொண்டு போயிருப்பார்கள். "அப்போ நாம மட்டும் நின்னாப் போதும் மேடம்" என்றேன். நாம என்று எப்படி வந்தது வாயில்?

மேடம் ரொம்ப நேரம் எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார். "பாதிக் கடையில இப்படித்தான் போடுவாங்கன்னு எனக்குத் தெரியும். ஒத்துக்கிட்ட முதல் ஆள் நீங்கதான். ஒண்ணாந் தேதி வந்துருங்க."

1 டிசம்பர், ஞாயிறு

மஞ்சள் எனக்கு எடுப்பாக இல்லை என்கிறார் அண்ணாச்சி. ஜெயபாண்டிக்கு நீலம் நன்றாகத்தான் இருக்கிறது. காலையில் பழக்கதோஷத்தில் இரண்டு பேரும் பழைய மேசைக்கே போய் நின்றோம். ஹரி சாரும் ஜெயப்பிரியா மேடமும் எதிரியின் பெரிய ஆளை இழுத்துவிட்டதாக அவரவர் குரூப்பில் கைதட்டல் வாங்கினார்களாம்.

ஏழு மணிக்கு, "எனக்கு ஒண்ணு" என்றார். ஒன்று என்றே போட்டேன். அவரும் உண்மையைத்தான் போட்டார். மனசு லேசாக இருக்கிறது.

9 டிசம்பர், திங்கள்

அவர் ஏதோ கேட்க வருகிறார். வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போகிறது. கேட்கட்டும். நானாக எடுத்துக் கொடுக்க மாட்டேன்.

23 ஜனவரி 2025, வியாழன்

பொங்கலுக்குப் பிறகு தினமும் கூட்டம். மேடம் நான் சொன்னதைச் செய்துவிட்டார், ஆஃபரை இந்த மாசம் வைத்தார். நேற்று ஏழு. உண்மையான ஏழு.

இன்று மதியம் ஒரு அம்மா எட்டயபுரம் பஸ்ஸில் வந்து இறங்கி நேரே உள்ளே வந்தார். வெயிலில் கறுத்த முகம், காதில் தண்டட்டி இழுத்த பெரிய ஓட்டை. நீல மேசையிலிருந்து ஜெயபாண்டி பதறி எழுந்து, "எம்மா, என்ன சொல்லாமக் கொள்ளாம? இங்கன வா" என்றார்.

"ஒங்கிட்ட வரலலே. வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா என் முக்காலியில் உட்கார்ந்தார். "நீதான ஈஸ்வரி? நான் இவன் ஆத்தா, பேரு வெயிலுகந்தா. கமிஷன் கடையில உளுந்து போட்டுட்டு வாரேன். ஒரு போனு எடுத்துக் குடு தாயி."

காட்டினேன். போனை அவர் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒன் கதையெல்லாம் சொன்னான். எனக்கு அதுல ஒரு கொறையும் இல்ல. இந்தப் பய ஒங்கிட்டக் கேக்கப் பயந்து பயந்து ரெண்டு மாசமாச் சோறு எறங்காமக் கெடக்கான். நான் கேக்கேன். ஒனக்குச் சம்மதமா? இல்லேன்னா இல்லேன்னு சொல்லு, போனை வாங்கிக்கிட்டுப் போயிருதேன்" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உறையைப் பிரிக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். "வேலையை விட மாட்டேன் அத்தை" என்றேன். அத்தை என்றது எனக்கே அப்புறம்தான் உறைத்தது.

"விடச் சொன்னது ஆரு? எனக்கு அறுபத்தாறு. இன்னும் களை எடுக்கேன்."

சரி என்று தலையை ஆட்டினேன். புதுப் போனில் சிம்மைப் போட்டுக் கொடுத்தேன். எப்படிப் பேசணும்னு காட்டு என்றார். யாருக்குப் போடணும் என்று கேட்டதற்கு, எதிர் மேசையை மோவாயால் காட்டினார். பத்தடி தூரத்தில் அவர் போன் அடித்தது.

"ஏலே பாண்டி, சரின்னுட்டா" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு அத்தை போனை என் கையில் கொடுத்துவிட்டார். நான் கட் பண்ணியும் விட்டேன். எதிர் மேசையில் அவர் மட்டும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.