கரியாஹாட்டில் வாங்கிய விளையாட்டுப் பாய்

போன வியாழக்கிழமை ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்தேன். உள்ளே சுருட்டி வைத்த குழந்தைப் பாய். விரித்ததும் புது ஃபோமின் வாசனை கூடம் முழுக்கப் பரவியது. செருப்புக் கடைக்குள் நுழைந்தால் அடிக்குமே, அந்த வாசனை. பாயின் ஓரத்தை மடக்கி மூக்கருகே கொண்டுபோன பிறகுதான் கவனித்தேன், அது உன் பழக்கம். முகர்ந்துவிட்டு, "இது மூணு நாள் காத்து சாப்பிடட்டும், அப்புறம் குழந்தைய போடு" என்பாய். காற்று வாங்குவதை வங்காளிகள் காற்றைச் சாப்பிடுவது என்றுதான் சொல்வார்கள். கல்கத்தாவின் கிடர்பூரில் பிறந்து வளர்ந்த உன் தமிழிலும் எல்லாரும் எல்லாவற்றையும் சாப்பிட்டார்கள். தண்ணீர் சாப்பிட்டார்கள், சிகரெட்கூடச் சாப்பிட்டார்கள்.

பால்கனிக் கம்பியில் பாயைப் போட்டேன். நான் பௌதி, அண்ணி, என்று கூப்பிடும் எதிர்வீட்டுப் பெண்மணி பார்த்துவிட்டு, இரண்டாவதா என்று கண்ணாலேயே கேட்டார். இல்லை, ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் பெண்ணின் குழந்தைக்கு என்றேன்.

அந்தப் பெண் சுகந்தி. ஈரோட்டுக்காரி, மாற்றலாகி வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. பையனுக்கு ஏழு மாதம். போனில் மூன்று பாய்களின் படத்தைக் காட்டி எது வாங்கலாம் என்று கேட்டாள். படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, வீட்டுக்கு வந்து தரையைப் பார்க்கிறேன் என்றேன். இந்த விஷயத்தில் எனக்கு இப்போது எவ்வளவு உறுதி வந்துவிட்டது என்று நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

கஸ்பாவில் அவள் வீட்டுக்குப் போனேன். பையனைத் தூக்கினேன். அவன் தலை பின்னால் சாய்ந்தது. அவசரமாகக் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன். கீழே விட்டால் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடந்தான், ஒரு பக்கமும் புரளவில்லை. நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நீளம் அகலம் குறித்துக்கொண்டு, தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போய்ப் பாயும் வாங்கிவிட்டேன். மூன்று நாள் அது பால்கனியில் கிடந்தது. அந்த மூன்று நாளும் நான் உன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

நாம் முதலில் சந்தித்தது உனக்கு நினைவிருக்கும். பாலிகஞ்ச் ஸ்டேஷனில், லேடீஸ் பெட்டி வந்து நிற்கும் இடத்தில், நான் விருதுநகரில் இருக்கும் அம்மாவோடு போனில் பேசி அழுதுகொண்டிருந்தேன். கல்கத்தாவுக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. பின்னாலிருந்து ஒரு குரல் தமிழில், "டிரெயின் வருது, ஏறிட்டு அழு" என்றது. திரும்பினால் தோளில் பையோடு நீ. உனக்கும் என் வயதுதான். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். முட்டி அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை நடக்க வைப்பது உன் வேலை. ஏறினேன், ஆனால் அழவில்லை.

என் மகள் கயல் பிறந்து ஏழாவது மாதம் உன்னைக் கூப்பிட்டேன். விடுப்பு முடிந்து, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆரம்பித்திருந்தேன். எங்கள் வீட்டுத் தரை பழைய சிவப்பு சிமெண்ட், மார்கழியில் கால் வைத்தால் ஜில்லிடும். குழந்தையைத் தரையில் போட்ட மெத்தையில், சுற்றிலும் தலையணை அடுக்கிப் படுக்க வைத்துவிட்டு, கட்டிலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பேன். அவள் இன்னும் குப்புற விழவில்லை. மெத்தென்று, தடியாக, பொம்மை போட்ட ஒரு பாய் வாங்கிப் போட்டால் விழுந்துவிடுவாள் என்று நம்பினேன். ஒரு பொருள் வாங்கினால் சரியாகிவிடும் என்பது எவ்வளவு ஆறுதலான எண்ணம்.

நீ வந்ததும் பழைய செய்தித்தாள்களைக் கேட்டாய். பாயின் அளவு பார்க்கத் தரையில் ஒவ்வொன்றாகப் பரப்பினாய். நான் போதும் என்ற இடத்தைத் தாண்டியும் பரப்பிக்கொண்டே போனாய். இவ்வளவு பெரிய பாய் இந்தச் சின்ன உருவத்துக்கு எதற்கு என்று கேட்டேன். நீயும்தானே படுக்கணும் என்றாய். விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

கரியாஹாட் கடையில் நீ செய்ததை இன்றைக்கும் அந்தக் கடைக்காரர் மறக்கவில்லை. போன வாரம் போனபோது என்னைப் பார்த்ததும், கீழே படுத்த அந்த தீதி எங்கே என்று கேட்டார். நான் பாயின் விலையைக் கேட்டேன்.

அன்று நான் விரல் புதையும் அளவுக்கு மெத்தென்ற ஒரு பாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ அதைத் தரையில் போடச் சொன்னாய். செருப்பைக் கழற்றினாய். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டாய். முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கிப் பார்த்தாய். வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். கடைக்காரர் உனக்கு மயக்கமோ என்று தண்ணீர் கொண்டுவந்தார். அதை வாங்கிக் குடித்துவிட்டு, படுத்தபடியே என்னிடம் சொன்னாய்:

"கை உள்ள போயிடுது பாரு. அவ தள்ளினா இது அமுங்கும். அமுங்கினா அவ எப்படி எழும்புவா? கெட்டியா ஒண்ணு எடு."

பிறகு என்னையும் படுக்கச் சொன்னாய். அதுவும் நடந்தது. கெட்டியான, மடித்து வைக்கக்கூடிய ஒரு பாயில் இரண்டு பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் குப்புறப் படுத்து, கடையின் அடி அலமாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பக்கம் வெளிர் நிறம், கோடுகள் மட்டும். கலர் கலராகப் படம் போட்டது வேண்டும் என்றேன். "அவ பாயப் பாக்கறதுக்கா வாங்கற?" என்றாய். துண்டு துண்டாகக் கோர்க்கும் பாயையும் மறுத்துவிட்டாய். குழந்தை ஓரத்தைப் பிய்த்து வாயில் வைக்கும், மழைக்காலத்தில் இடுக்கில் ஈரம் இறங்கிப் பூஞ்சை பிடிக்கும் என்றாய்.

அதைத் தூக்கிக்கொண்டு வந்து, மூன்று நாள் காற்றாட விட்டு, விரித்தோம். கயலை நடுவில் குப்புறப் போட்டாய். அவள் முகத்தைப் பாயில் வைத்துக்கொண்டு சிணுங்கினாள், தலையைத் தூக்கவில்லை. நீ அவளைத் திருப்பி, இரண்டு கையையும் பிடித்து மெதுவாக எழுப்பினாய். தலை பின்னாலேயே தொங்கியது. மறுபடியும் ஒருமுறை எழுப்பிப் பார்த்தாய். உன் முகத்தில் விளையாட்டு போய்விட்டிருந்தது.

"இங்க கேளு. நான் முட்டி பாக்கறவ, குழந்தைங்கள எனக்குத் தெரியாது. ஆனா இவளுக்குப் பலம் கம்மியா இருக்கு. குழந்தை டாக்டர்கிட்ட போ. இந்த வாரமே போ. அப்புறம் இன்னொண்ணு. நீ மேல உக்காந்திருக்க, அவ கீழ கிடக்கா. யாரப் பாத்து அவ தலையத் தூக்குவா?"

பாய் வாங்கத்தானே உன்னைக் கூப்பிட்டேன். எனக்கு வந்த கோபம் எங்கிருந்து வந்ததென்று இப்போது தெரியும். இரண்டு மாதமாக எனக்குள் நானே மறைத்து வைத்திருந்ததை நீ எடுத்து வெளியே போட்டுவிட்டாய். நான் சொன்னதை உனக்கு மறுபடி எழுத வேண்டியதில்லை, ஆனால் எழுதுகிறேன், என் கையால் எழுதுவதுதான் நியாயம். "உனக்குக் குழந்தை இல்ல. உனக்கு என்ன தெரியும்?"

நீ கயலை என் மடியில் வைத்தாய். கதவருகே போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டாய். "ஆமா, இல்ல. டாக்டர்கிட்ட போ" என்றாய். கதவைச் சாத்தும்போதுகூடச் சத்தம் வரவில்லை.

பதினெட்டு நாள் நாம் பேசவில்லை. அதில் முதல் பத்து நாள், நீ பொறாமையில் சொன்னாய் என்று என்னை நானே நம்ப வைத்தேன். பதினோராவது நாள் என் கணவரிடம் சொன்னேன். அவருக்குச் சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் பெட்டிகளைச் சரிபார்க்கிற வேலை. நான் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, ஒரு பெட்டியில் சத்தம் வித்தியாசமாகக் கேட்டால் அதைத் தனியாக நிறுத்திப் பார்ப்போமே தவிர, சொன்னவனோடு சண்டை போட மாட்டோம் என்றார். அடுத்த வாரம் டாக்டரிடம் போனோம். தசைகளில் பலம் குறைவு, பயப்படும்படி ஒன்றுமில்லை, ஆனால் பயிற்சியை இப்போதே ஆரம்பிக்க வேண்டும், இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் சிரமம் என்றார் டாக்டரம்மா.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து உன்னைக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். நீ நடுவில் நிறுத்தி, என்ன பயிற்சி சொன்னார்கள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்டாய். கடைசியில் மட்டும், "நீ திட்டுவேன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். எனக்கு ஒண்ணும் ஆகல" என்றாய். எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது.

அதன் பிறகு நான் கட்டிலிலிருந்து இறங்கினேன். காலையும் மாலையும் பாயில் அவள் முகத்துக்கு நேராக என் முகத்தை வைத்துப் படுத்திருப்பேன். ஆபீஸ் கூட்டங்களில்கூடச் சில சமயம் கேமராவை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டே பேசினேன். வாரத்தில் இரண்டு நாள் நீ வருவாய். நாலாவது வாரம் தலை நின்றது. ஒன்பதாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே பருவம் தப்பிய மழை. நான் ஒரு பக்கம் படுத்து, கிலுகிலுப்பையை ஆட்டி அவளைக் கூப்பிட்டுக் கொண்டிருந்தேன். நீ மறுபக்கம் படுத்து, காகிதக் கூம்பில் ஜால்முரி, அந்தக் காரப்பொரி, தின்றுகொண்டிருந்தாய். காகிதம் சரசரத்தது. கயல் கழுத்தைத் திருப்பினாள், ஒரு காலைத் தூக்கிக் குறுக்கே போட்டாள், கொஞ்ச நேரம் பக்கவாட்டில் அப்படியே நின்றாள், பிறகு முழுதாக உன் பக்கம் புரண்டு விழுந்தாள். விழுந்ததும் கையை ஊன்றித் தலையைத் தூக்கி உன்னைப் பார்த்தாள்.

"அவ உனக்காகத் திரும்பல. என் ஜால்முரிக்காகத் திரும்பினா" என்றாய். உன் குரல் நடுங்கியது. நான் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அவள் நடந்ததை நீ பார்த்தாய். ஓடியதையும் பார்த்தாய். அவளுக்கு இரண்டு வயது ஆவதைப் பார்க்கவில்லை. பூஜை விடுமுறைக்கு நான் விருதுநகர் போயிருந்தபோது உனக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். ஆறாவது நாள் உன் அண்ணன் போன் செய்தார். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கிடர்பூரில் உங்கள் வீட்டு மாடிக்குப் போனேன். அங்கே ஊன்றுகோலோடு ஒரு வங்காளிப் பெரியவர், உன்னிடம் முட்டிக்கு வந்தவர், உட்கார்ந்திருந்தார். இரண்டு மாடி ஏறி வந்திருந்தார். படியேற வைத்தவளே அவள்தான் என்று வங்காள மொழியில் என்னிடம் சொன்னார். உன்னைப் பற்றி அன்று நான் கேட்டதில் அதுதான் பொருத்தமாக இருந்தது.

கயல் இப்போது எல்.கே.ஜி. படிக்கிறாள். அவளுக்கு உன் முகம் நினைவில்லை. போட்டோவில் காட்டினால் பெயர் சொல்வாள், அவ்வளவுதான். அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய்.

ஞாயிற்றுக்கிழமை காலை சுகந்தி வீட்டுக்குப் பாயைக் கொண்டுபோனேன். அவள் கணவன் காய்கறி வாங்கப் போயிருந்தான். விரித்து, பையனை நடுவில் விட்டோம். பாய் நல்லா இருக்குங்க்கா என்றாள். பேசாமல் அதோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் சொன்னேன். அவன் தலை நிற்கவில்லை என்றேன், டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றேன், கயலுக்கும் இப்படித்தான் இருந்தது என்றேன்.

அவள் முகம் மாறியது. "உங்க பொண்ணு இப்ப ஓடுதுங்க. அதனால உங்களுக்குச் சொல்றது சுலபம்" என்றாள். படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சும்மா சொன்னேன், எதற்கும் கவலைப்படாதே என்று கதவுக்கு வெளியே நின்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அரைமணி கழித்து வந்து அவனை வாரியெடுத்துக்கொண்டாள். போய்ட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். திங்கட்கிழமை ஆபீஸில் வேறு மேஜையில் போய் உட்கார்ந்தாள். செவ்வாய், புதன், அப்படியே. எனக்குத் தூக்கம் கெடவில்லை என்பதுதான் ஆச்சரியம். சொன்னது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

நேற்று சாயங்காலம் செய்தி வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு டாக்டர் நேரம் கொடுத்திருக்கிறாராம். அவள் கணவனுக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை. கடைசி வரி மட்டும் இது: "கூட வர்றீங்களாக்கா?"

டாக்டர் என்ன சொல்வாரோ தெரியாது. கயலைப் போல எளிதாக முடியலாம், முடியாமலும் போகலாம். எதுவானாலும் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்க எனக்குத் தெம்பு இருக்கிறது. அது உன்னிடமிருந்து வந்தது. மேனேஜரிடம் அன்றைக்கு விடுப்பு சொல்லிவிட்டேன். காலை ஒன்பதரைக்கு அவள் வீட்டு வாசலில் டாக்சியோடு நிற்பேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொள்ளட்டும். ஃபைலையும் பால் புட்டிப் பையையும் நான் தூக்கிக்கொள்கிறேன்.