பதினோரு பிள்ளைக்கு ஒரு டீச்சர்

ஜூலை 8, 2025

ஒருவழியாக கிளஸ்டரிங் முடிந்தது. கட்டடம், கழிப்பறை, ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள் என்று விவரம் கொடுத்தால், ஒன்றுபோல் இருக்கும் தொடக்கப்பள்ளிகளைக் கணினியே சேர்த்து நான்கு குழுக்களாகப் பிரித்துவிடுகிறது. கூடுதல் ஆசிரியர்கள் வசதி குறைந்த கடைசிக் குழுவுக்குத்தான். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் என் மேலதிகாரி பாண்டியராஜன் சார் திரையைப் பார்த்து, "தேனி டவுனும் மேகமலையும் ஒரே குழுவா! பரவால்லயேம்மா நம்ம மாவட்டம்" என்றார். அத்தி பூத்தாற்போல் டீயும் வாங்கிக் கொடுத்தார்.

ஜூலை 9

மகிமா என்னோடு படித்தவள். மேகமலை எஸ்டேட் பள்ளியில் டீச்சர். போன் போட்டு, "உன் ஸ்கூலு முதல் குழுடி" என்றேன். சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"காய்ச்சலா? லீவு போடுடி."

"நான் படுத்தா பள்ளிக்கூடத்தப் பூட்டணும். இங்கன இருக்கது நான் ஒருத்திதான?"

வைத்துவிட்டாள்.

ஜூலை 10

காலையில் முதல் வேலையாக அவள் பள்ளியின் விவரத்தைத் திறந்தேன். பதினோரு பிள்ளைகள், ஒரு டீச்சர். கணக்குப்படி மாவட்டத்திலேயே கொடுத்துவைத்த பிள்ளைகள்! ஆனால் ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்புக்கும் அவள்தானே? ஒண்ணாப்புக்கு 'அ' எழுதிக் காட்டுறப்ப அஞ்சாப்பு என்ன செய்யும்? இது ஏன் எனக்குத் தோணல? ரெண்டு தடவ அங்கன போயிருக்கேன் — அவ ஆக்கிப் போட்டதத் தின்னுட்டு, தேயிலைத் தோட்டத்தப் போட்டோ எடுத்துட்டு வந்தேன். சீ.

ஜூலை 14

'ஓர் ஆசிரியருக்கு எத்தனை வகுப்புகள்' என்பதையும் சேர்த்து மறுபடி ஓட்டினேன். ஒன்பது பள்ளிகள் கடைசிக் குழுவுக்கு இறங்கின. மகிமாவுடையதும்தான். சார் முகம் சுருங்கிவிட்டது. பழைய அறிக்கை மேலிடத்துக்குப் போயாகிவிட்டதாம்.

"மேகமலையில ஒனக்குத் தெரிஞ்சவுக இருக்காகளாம்மா?"

"ஃப்ரெண்டு இருக்கா சார். ஆனா எறங்குனது ஒம்பது ஸ்கூலு. மத்த எட்டுல எனக்கு யாரையுமே தெரியாது."

சொல்லிவிட்டேன். எனக்கு ஒப்பந்த வேலை. நாளைக்கு வரவேண்டாம் என்றால் அவ்வளவுதான். சார் பட்டியலை வாங்கிக்கொண்டு போனார். இன்று டீ இல்லை.

ஜூலை 15

திருத்திய அறிக்கை போயிற்று. சார் கையெழுத்தோடு!

ஆகஸ்ட் 20

இன்னும் பதில் இல்லை. மகிமாவிடம் மூச்சு விடவில்லை. ஆசை காட்டி மோசம் பண்ணக் கூடாது.

அக்டோபர் 14

காலையில் மகிமாவின் போன். பள்ளி நேரத்தில் அவள் பேசியதே கிடையாது. பதறிப்போய் எடுத்தேன்.

"காய்ச்சல்டி. இழுத்துப் போத்திப் படுத்துட்டேன்."

"அப்ப ஸ்கூலு?"

"கர்ணன்னு ஒரு சார் போன வாரம் வந்து சேந்துருக்காக. அவுக பாத்துக்கிறாக. பிள்ளைக வாய்ப்பாடு சொல்ற சத்தம் ரூம் வரைக்கும் கேக்குதுடி."

அலுவலகம் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். சார் எட்டிப் பார்த்து, "என்னம்மா ஆச்சு?" என்றார்.

"மகிமா டீச்சருக்குக் காய்ச்சல் சார். லீவு போட்டுட்டா" என்றேன். அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது.