தபால்காரி மரகதத்தைத் திரும்ப வாங்கிய வாரம்

ஜூன் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து காற்று. சின்னமனூர் பஸ்ஸில் ஜன்னல் சாத்த வரவில்லை, தலையெல்லாம் புழுதி. உரக்கடையில் பில் மிஷின் மறுபடி மக்கர்.

பதினொரு மணிக்குக் கடை விலாசத்துக்கே வக்கீல் நோட்டீஸ். எனக்கும் ரசியாவுக்கும். 'தபால்காரி மரகதம்' காமிக்ஸ் சென்னைப் பதிப்பகத்தின் சொத்தாம். நாங்கள் இணையத்தில் போட்ட பதினெட்டு அத்தியாயங்களையும் ஏழு நாளில் எடுக்க வேண்டும். அச்சடித்த புத்தகங்களைத் திரட்டி அனுப்ப வேண்டும். இனி மரகதத்தை வைத்து எதுவும் செய்ய மாட்டோம் என்று எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் வழக்கு.

கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பொட்டாஷ் மூட்டைக்கு இரண்டு பில் போட்டேன். ஒன்று தப்பு.

வாங்க: மிளகாய்த்தூள், தலைவலித் தைலம்.

ஜூன் 4, புதன்

உ.பாளையம். ரசியா வீடு. பிஸ்கட்டைத் தொடவே இல்லை, ரெண்டு பேரும்.

அவள் எழுதுவாள், நான் வரைவேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பிரதியை மாற்றி மாற்றிப் படித்த காமிக்ஸ். கதை பாதியில் இருக்கும்போதே இதழ் நின்றுபோனது. நாங்கள் அதைத் தொடர்ந்தோம். ஆறு வருஷம். யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. கடைசி அத்தியாயம் மட்டும் நான் வரையப் பாக்கி.

அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? நோட்டீஸோடு ஒரு படம் இருக்கிறது. போன மாதம் அண்ணன் மகள் காதுகுத்தில் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுத்த புத்தகத்தின் பின்னட்டை. முதல் மூன்று அத்தியாயத்தை அண்ணனே என்னிடம் சொல்லாமல் அச்சடித்துவிட்டார். 'அன்பளிப்பு' என்று கொட்டை எழுத்து. கீழே நான் வேலை பார்க்கும் உரக்கடை, ஒரு திராட்சை ஏஜென்ட், ஒரு செங்கல் சூளை. எங்கள் பக்கம் கோயில் டியூப் லைட்டில்கூடக் கொடுத்தவர் பெயர் இல்லாமல் இருக்காது. யாரோ விருந்தாளி பெருமையாக நெட்டில் போட்டிருக்கிறார்.

அன்றைக்கு எனக்கும் பெருமைதான். பொய் சொல்வானேன்.

ரசியா: "ஒங்க அண்ணே ஆசையாத்தான் செஞ்சாக. கடை பேரைப் போட்டுக் கெடுத்துட்டாக."

ஜூன் 5, வியாழன்

அண்ணன் தோட்டத்திலிருந்து நேராக வந்தார். மண் கால்.

"ஓசியாத்தான ஆத்தா குடுத்தோம்? ஓசில குடுத்ததுக்கு எவனாச்சும் கேஸ் போடுவானா?"

சாப்பிடாமல் போய்விட்டார். கூப்பிட்டிருக்கலாம்.

ஜூன் 6, வெள்ளி

அரைநாள் லீவு. ரசியாவோடு தேனி. வக்கீலம்மா நோட்டீஸை இரண்டு தடவை படித்தார். கடை பேர் இல்லாமல் இருந்தால் தப்பித்திருப்போமா என்று கேட்டேன்.

"இல்லம்மா. அது அவுங்க கண்ணுல படுறதுக்குத்தான் காரணம். காசு வாங்கலைங்கிறது மட்டும் பதிலாகாது. வீட்டுக்குள்ள ஒங்களுக்குன்னு வரைஞ்சு வச்சிருந்தா யாரும் கேக்கப் போறதில்ல. ஊருக்குக் குடுத்துட்டீங்கல்ல?"

"அவுகதான் கதைய நிறுத்திட்டாகளே!" இது ரசியா.

"நிறுத்துறதும் அவுங்க உரிமைதான்."

ஆக, அண்ணன் மேல் பழி போடவும் வழியில்லை. ஆறு வருஷமும் தப்புத்தான். இனி மரகதத்தைத் தொட மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டோம். பஸ்ஸில் இருவரும் தூங்கினோம், அல்லது கண்ணை மூடிக்கொண்டிருந்தோம்.

ஜூன் 7, சனி

இணையத்திலிருந்து எல்லாம் எடுத்தாயிற்று. நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு துணி ஊறவைத்தேன்.

ரசியா ஒரு வரி அனுப்பியிருந்தாள்: 'போயிருச்சா?' 'போயிருச்சு' என்று அனுப்பினேன்.

ஜூன் 8, ஞாயிறு

சாரல். எங்கள் ஊர் கே.கே.பட்டியில் வீடு வீடாகப் போய்ப் புத்தகத்தைத் திரும்ப வாங்கினேன். அண்ணன் வரவில்லை. அவமானமாம். விசேஷத்தில் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற குடும்பம் இனி நாங்கள்தான்.

"தேங்காயும் வேணுமா, அதையும் குடுத்துருவோம்!" என்றார் ஒருவர். உள்ளே யாரோ சிரித்தார்கள். ஒரு வீட்டில் தோசைக்கல்லுக்கு அடியில் வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை, டிவி சத்தம் மட்டும். மதியம் வரை நாற்பத்தொன்று. எதுவும் உறைக்கவில்லை, கால்தான் வலித்தது.

கடைசியாகப் பேச்சியக்கா. திராட்சை அடுக்கும் வேலை, வீட்டில் நெட் எல்லாம் கிடையாது. புத்தகத்துக்கு நாளிதழில் அட்டை போட்டு வைத்திருந்தார்.

"ரெண்டு தரம் படிச்சுட்டேன்த்தா. பாதில நிக்குதே. கடைசில இவளுக்கு என்னாச்சுன்னு மட்டும் சொல்லிட்டு எடுத்துட்டுப் போ."

ரசியா அதைப் போன மாதமே எழுதி முடித்துவிட்டாள். வரி வரியாக எனக்குத் தெரியும்.

"தெரியாதுக்கா" என்றேன்.

நம்பிவிட்டார்.