முதல் பாடு

கோட்டைக்குப்பம்

அன்பு மகள் வினோதினிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நலம், மனசைப் பற்றிக் கேட்காதே. அந்த வெளிநாட்டுக் குளிரில் உனக்குச் சளி பிடிக்காமல் இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். உன் அண்ணி கலைவாணிக்கு மாசம் ஏறிவிட்டது, கால் வீங்குகிறது. ஏரியில் இறால் சுமார், நண்டு பரவாயில்லை.

யார் எந்த நாளில் எங்கே வலை கட்டுவது என்று கோயிலில் பாடு சீட்டு எடுத்தார்கள். டச்சுக்காரனை எதிர்த்து ஊர் கிளம்பியபோது முன்னால் நின்று செத்தவர் நம் சுப்பன் தாத்தா என்று, சீட்டு எடுக்காமலே முதல் பாடு நம் வீட்டுக்குத்தான் வரும், உனக்குத் தெரியாததா. நம் ஊர்ப் பழங்கதையை ஆராய்ந்து அங்கே காலேஜில் பேசியதை, நமக்காக நீ தமிழிலும் பேசி போனில் அனுப்பினாயே, அந்தப் பேச்சை உன் நைனா தனியாகக் கேட்கவில்லை. ஊரோடுதான் கேட்பேன் என்று வைத்திருந்து, அன்றைக்குக் கோயில் ஸ்பீக்கரில் போடச் சொன்னார். நம்ம பொண்ணு நம்ம ஊரைப் பத்திப் பேசுது, அல்லாரும் கேளுங்கன்னு கூப்பிட்டு உட்கார வைத்தார். கலகத்துக்கு நாள் குறித்ததை டச்சுக்காரன் கோட்டைக்குள் போய்ச் சொன்னவனே சுப்பன்தான், அதற்குக் கூலியாக டச்சுக் கம்பெனி கொடுத்ததுதான் முதல் பாடு என்று உன் குரல் சொல்லிற்று. யாரும் அதை நிறுத்தவில்லை. இன்னாபா இது, உன் பொண்ணே சொல்லுதேன்னு பெரியதனக்காரர் கேட்டார். நைனா எழுந்து, என் பேரையும் சீட்டுல போடுன்னு மட்டும் சொன்னார். கடைசிச் சீட்டில்தான் நம் பெயர் வந்தது. அன்றிலிருந்து வீட்டில் உன் பெயரை அவர் எடுப்பதில்லை.

சுப்பன் எப்படிப்பட்டவன் என்று எனக்கென்ன தெரியும், நீ படித்தவள், தேடிப் பார்த்துத்தான் சொல்லியிருப்பாய். ஆனால் அதற்கு முந்தின வாரம் போனில் கருவாடு கேட்டாய், நைனா முழங்கால் எப்படி என்று கேட்டாய், அவ்வளவு நேரம் பேசினாய். அப்போதும் இது உன் மனசில் இருந்ததுதானே. நீ பழங்கதை கேட்டு எழுத வந்தபோது உன்னைப் படகில் வைத்து ஊர் ஊராய்க் கூட்டிப்போய், எம் பொண்ணு கேக்குது சொல்லுங்கன்னு பெரியவர்கள் முன்னால் நின்றவர் அவர். சுப்பன் கோட்டைக்குள் போய்ச் சொன்னான். நீயும் ஊர் உலகத்துக்கெல்லாம் சொன்னாய், வீட்டில் மட்டும் சொல்லவில்லை. வயிறு எரிகிறது வினோ. இது சாபமில்லை, பெற்ற வயிறு.

கருவாடு காய்ந்துவிட்டது, அனுப்புகிறேன். தலைக்கு எண்ணெய் வை, வேளைக்குச் சாப்பிடு. நோய்நொடி இல்லாமல் நல்லா இரு. ஒன்றை மறக்காதே, பொங்கலுக்கு வந்தால் ஆட்டோவில் மறைந்து வராதே. பஸ்ஸை விட்டு இறங்கி, மீன் ஏலம் போடுகிற இடத்து வழியாக எல்லோரும் பார்க்க நடந்து வா. நைனா தினமும் அப்படித்தான் நடக்கிறார்.

உன் அம்மா,
ருக்கு