ஜீப்பும் சுகம்

கிண்ணியா
19.01.2025

அன்பு மகன் நஸ்ரிக்கு உம்மா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், உன் மனைவி ஷிஃபானா, பிள்ளை அப்ரா மூவரும் அல்லாஹ்வின் உதவியால் நல்ல சுகம். கோழிகளும் சுகம். ஜீப்பும் சுகம். ஓம், வாப்பா விட்டுப்போன அதே ஜீப்தான், நீ விற்கச் சொன்ன அதே ஜீப்தான். நீயும் தோஹாவில் சுகமாக இருந்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, அந்தப் பெரிய பஸ்ஸைக் கவனமாக ஓட்டவேண்டும் என்று ஐந்து நேரத் தொழுகையிலும் கேட்கிறேன். போன் இருக்கும்போது உம்மா ஏன் கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய். போனில் நான் ஒன்று சொல்ல முதல் நீ மூன்று சொல்லிவிடுவாய், பிறகு சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் இடையில் பாய ஏலாது. அதுதான் பக்கத்து வீட்டு றிஸ்லாவின் புருஷன் லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்பும்போது அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். ஓர் இடத்தில் இருந்து கடைசி வரை வாசி. பாதியில் எழும்பி ஷிஃபானாவுக்குப் போன் எடுக்காதே. அவள் உனக்குச் சொல்லத்தான் நின்றாள், நான்தான் அவளின் வாயைக் கட்டி வைத்தேன். கோபம் வந்தால் என்னோடு வரட்டும்.

ஷிஃபானா தயிர் போட்டு விற்பது உனக்குத் தெரியும், அந்தப் பால் எப்படி வீடு வந்து சேர்கிறது என்பது தெரியாது. வயல் விதைத்தவுடன், நமக்குப் பால் தருகிற கனகசுந்தரம் தன் எருமைப் பட்டியைத் தம்பலகாமத்துக்கு உள்ளே, வயல் முடிந்து காடு தொடங்கும் இடத்துக்குக் கொண்டுபோய்விடுவார். மாரி முடியும் வரை பால் அங்கேதான். போன வருட மாரியில் அவள் முச்சக்கர வண்டி பிடித்துப் போனாள். நாலு நாள் போனால் மூன்று நாள் சேற்றில் புதைந்தது. ஒரு நாள் வண்டி சரிந்து இரண்டு கான் பாலும் வாய்க்காலில் போனது, இன்னொரு நாள் வீடு வர மத்தியானமாகிப் பால் திரிந்துவிட்டது. அவள் குசினிக்குப் பின்னால் நின்று அந்தப் பாலைக் கொட்டினதை நான் பார்த்தேன். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கனகசுந்தரமும் பொல்லாத மனிதர் இல்லை, ஆனால் அவரும் எத்தனை நாளைக்குக் காத்திருப்பார். பிள்ளை, நீ வருவாய் எண்டு எருமை மடியில பால வச்சுக்கொண்டு நிக்காது, அடுத்த மாரிக்கு வண்டி ஒண்டு பாக்காட்டி நான் பால் வாங்க வாற லொறிக்காரனுக்குக் குடுத்திருவன் என்று சொல்லிவிட்டார். பால் போனால் தயிர் போச்சு. தயிர் போனால் அவள் உன் காசை எதிர்பார்த்துக்கொண்டு கதிரையில் இருக்கவேண்டியதுதான். அவள் அப்படி இருக்கிற ஆள் இல்லை, நீயும் அதைக் கண்டுதானே கட்டினாய்.

அன்றைக்கு அவள் கொட்டிலில் நின்ற ஜீப்பைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அடுத்த நாளே உனக்குப் போன் எடுத்தோம், நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கா. ஆறு வருஷம் நிண்ட வண்டிக்குப் பிரேக் நம்ப ஏலாது, அத ஆம்பிளையே புடிச்சு ஓட்ட ஏலாது, முனீப அனுப்புறன் வித்துப்போடுங்க என்றாய். உன் கூட்டாளி முனீபும் வந்தான். ஜீப்பைச் சுற்றி நடந்தான், டயருக்கு ஒரு உதை விட்டான், உம்மா இது இரும்புக் கடைக்குத்தான் சரி என்றான். நான் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். அவன் ஒழுங்கை தாண்ட முதல் ஷிஃபானா மெக்கானிக் பேணாட்டுக்குப் போன் எடுத்துவிட்டாள். பேணாட்டை உனக்குத் தெரியாது, அன்புவழிபுரத்தில் இருக்கிறார், முன்பு துறைமுகத்தில் பழைய ஜீப்புகள் எல்லாம் அவர் கையால்தான் ஓடினவையாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகுதான் வருவார், வந்தால் வேலை பார்ப்பார், கதை குறைவு. அந்த ஒரு நாளைக்கு அவர் மிச்சம் விட்டதை மற்ற ஆறு நாளும் ஷிஃபானா பார்த்தாள்.

காற்று வடிகட்டிக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. உன்னுடைய பழைய பள்ளிக்கூடச் சட்டைத் துண்டு ஒன்றும் உள்ளே இருந்தது, எங்கே இழுத்துக்கொண்டு போனதோ. டீசல் தாங்கியில் ஒரு சொட்டு இல்லை, தட்டுப்பாட்டு வருடம் கேட்டவர்களுக்கெல்லாம் நான் எடுத்துக் கொடுத்தேனே, வெறுமையாய்க் கிடந்து உள்ளே துருப்பிடித்துவிட்டது. பேணாட் அதைக் கழற்றி, உள்ளே சின்னக் கல்லுப் போட்டு உருட்டச் சொன்னார். நானும் மருமகளும் இரண்டு பின்னேரம் முற்றத்தில் அதை இந்தத் தலைக்கும் அந்தத் தலைக்கும் உருட்டினோம். அந்தச் சத்தத்துக்கு மதிலுக்கு மேலே எட்டிப் பார்க்காத ஆள் இல்லை. என்ஜின் இறுகிக் கிடந்தது. உடனே ஸ்டார்ட் பண்ணக் கூடாது, உள்ளே எண்ணெய் விட்டு, முன்னால் நட்டுத் திருகுகிற பெரிய சாவி போட்டுக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பவேண்டும் என்று பேணாட் சொல்லிவிட்டுப் போனார். ஷிஃபானா காலையில் ஒரு தரம், அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு தரம். மூன்று நாள் அசையவே இல்லை. நானென்றால் சம்மட்டி எடுத்திருப்பேன். நாலாம் நாள் காலையில் நான் அப்பம் சுட்டுக்கொண்டிருக்க, மாமி, என்ஜின் சுத்துது என்று மட்டும் கேட்டது. சுட்ட அப்பம் கருகிப்போனது, அதுவும் சுகம்தான்.

இனி என் பெருமையைக் கொஞ்சம் கேள், அதற்குப் பிறகு என் பிழையைச் சொல்கிறேன். வாப்பா மவுத்தாகி நம்மை விட்டுப்போன பிறகு ஒவ்வொரு மாரிக்கும் முதல் நான் ஜீப்புக்குக் கீழே படுத்துச் சுறா எண்ணெய் பூசிவந்தேன், தோணிக்குப் பூசுகிற அதே எண்ணெய்தான். உப்புக் காற்றுக்கு இரும்பு தாங்காது என்று எனக்கும் தெரியும், நான் மீன்பிடிகாரன் மகள். நாற்றத்துக்கு நீ கூட லீவில் வந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தாய். ஊர்ப் பூனைகள் எல்லாம் ஜீப்புக்குக் கீழேதான் படுத்தன. பேணாட் முதல் நாள் கீழே புகுந்து, கையால் தடவிப் பார்த்து, வெளியே வந்து, அக்கா, இந்தக் கரையில இப்பிடித் துருப்பிடிக்காத ஒரு சேஸி நான் கண்டதில்ல என்றார். அவர் ஒரு வசனம் சொன்னால் மற்றவர்கள் பத்துச் சொன்னதுக்குச் சமம். நான் இரண்டு நாள் நிலத்தில் கால்படாமல் நடந்தேன்.

என்ஜின் பிடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு. கறுத்த புகை, கோழிகள் கூரைக்கு ஏறிவிட்டன, அப்ரா காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். எனக்கு மனம் நிற்கவில்லை. மகள், அப்பிடியே வெளியில எடுத்து ஒரு சுத்து போய் வா, ஆக்கள் பாக்கட்டும் என்றேன். ஆக்கள் என்றது முனீபின் வீட்டைத்தான், உனக்கு ஏன் மறைக்கவேண்டும். பேணாட் கூடக் கேற்றைத் திறக்கப் போய்விட்டார். ஷிஃபானா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, பொறுங்க மாமி, நிக்கிற இடத்திலயே பிரேக்க ஊண்டி மிதிச்சுப் பாப்பம் என்றாள். ஒரு தரம் மிதித்தாள். இரண்டாம் தரம் முழுப் பலத்தோடு மிதித்தாள். மூன்றாம் தரம் கால் அடிமட்டத்துக்குப் போய்விட்டது, கீழே மண்ணில் பிரேக் எண்ணெய் ஓடுகிறது. பேணாட் படுத்துப் பார்த்து றப்பர்க் குழாயைக் கழற்றிக்கொண்டு வந்தார், தேத்தண்ணியில் ஊறின பாண் துண்டு மாதிரிப் பொங்கி, நடுவில் வெடித்திருந்தது. என் சுறா எண்ணெய்தான், மகன். அக்கா, இரும்பக் காப்பாத்திப்போட்டு றப்பரக் கொண்டுபோட்டீங்களே என்றார். நம்முடைய ஒழுங்கை நேரே போய் எங்கே முடிகிறது என்று உனக்குத் தெரியும். களப்புத் தண்ணீரில். வழியில் குர்ஆன் மதரசாப் பிள்ளைகள். நான் அந்த இடத்திலேயே மண்ணில் இருந்துவிட்டேன். என் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதவேண்டி வந்திருக்கும். அவள் உடனே பேணாட் பக்கம் திரும்பினாள். நாலு சில்லுக்கும் றப்பர் என்று பேர் உள்ள எல்லாவற்றையும் மாற்றச் சொன்னாள். பின்னால ரெண்டும் நல்லாத்தானே கிடக்கு என்று பேணாட் சொல்ல, அதுவும் அதே எண்ணெயத்தானே குடிச்சது, கழத்துங்க என்றாள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், ஆனால் உள்ளே சிரித்தேன். பிரேக் நம்ப ஏலாது என்றாயே, அந்த வார்த்தையை உன்னைவிட நன்றாக விளங்கிக்கொண்டவள் அவள். ஆகவே அந்த நியாயத்தை இனி என்னிடம் கொண்டுவராதே.

பிறகு டயர் நாலும் புதிது, பற்றரி புதிது. ஓடாமல் நிற்கும் வாகனம் என்று வாப்பா மவுத்தான வருடமே நான் எழுதிக் கொடுத்து வைத்ததால் வரிப் பத்திரம் எடுக்கக் கரைச்சல் இருக்கவில்லை, உம்மாவுக்கும் கொஞ்சம் மூளை இருக்கிறது. புகைப் பரிசோதனையில் முதல் தரம் திருப்பி அனுப்பிவிட்டார்கள், பேணாட் எதையோ முடுக்கி எதையோ தளர்த்தினார், இரண்டாம் தரம் சரி. லைசன்ஸ் பற்றி யோசிக்கிறாயா. ஓட்டுநர் பள்ளியில் பழகி ஐப்பசியில் எடுத்துவிட்டாள், ஒரே தரத்தில். நீ எத்தனை தரத்தில் எடுத்தாய் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை, கேட்டால் சொல்லுவேன்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. முதல் நாள் பட்டிக்கு நானும் போனேன், ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டே ஏறினேன். தார் றோட்டு முடிந்து வயல் வரம்புக்கு இறங்கினதும் சேறு முழங்கால் மட்டம். போன வருடம் வண்டி சரிந்த அதே வாய்க்கால். ஷிஃபானா ஜீப்பை நிற்பாட்டி, அபாயாவை இடுப்பில் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, முன் சில்லு இரண்டின் நடுவிலும் இருக்கிற குமிழைத் திருகிவிட்டு வந்தாள், அப்போதுதான் நாலு சில்லும் சேர்ந்து இழுக்குமாம். பிறகு சின்னக் கியரைப் போட்டு, அவசரமே இல்லாமல், ஏதோ குசினிக்குள் நடக்கிற மாதிரி அந்த வாய்க்காலைக் கடந்தாள். கனகசுந்தரம் பால் கானை வைத்துக்கொண்டு மழைக்குள் நின்றார், வாய் மூடவில்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, இது உங்கட மகளோ அக்கா என்றார். ஓம், என்ட மகள்தான் என்றேன். பொய் சொன்னேனா சொல். அன்றிலிருந்து இன்று வரை ஒரு நாள் பால் தவறவில்லை, ஒரு சட்டி தயிர் பழுதாகவில்லை. லொறிக்காரன் அந்த வாய்க்கால் வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பினானாம்.

இப்போது நீ கோபப்படப் போகிற இடம். மார்கழியில் முனீப் திரும்பவும் வந்தான், இரும்புக் கடை என்று சொன்ன வாயால் இது தங்கமெல்லே உம்மா என்றான். கையில் உரிமை மாற்றுகிற படிவம். நஸ்ரி ஓம் எண்டுட்டான், நீங்க கையெழுத்து வச்சாச் சரி என்றான். என் பேரில் உள்ள வாகனத்துக்குத் தோஹாவில் இருந்து ஓம் சொல்லியிருக்கிறாய். கண்ணாடி இல்லை மகன், வச்சுட்டுப் போ வாசிச்சுப் பாக்கிறன் என்று அனுப்பினேன். அன்றிரவு கண்ணாடியைப் போட்டு நன்றாக வாசித்தேன். நஸ்ரி, அந்த ஜீப் இருபத்திரண்டு வருடம் என் பேரில் இருந்தது. வாப்பாவுக்கு ஏதோ அலுவலகத்துக் கரைச்சல், அதனால் என் பேரில் எழுதினார். பேர் எனக்கு, சாவி அவருக்கு. ஒரு தரம், உன் தங்கை பிறந்து மவுத்தான வருடம், வீட்டில் இருக்க மூச்சு முட்டுகிறது, எனக்கும் ஓட்டப் பழக்கிவிடுங்கோ என்று கேட்டேன். சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, அவர் நல்ல மனிதர், அல்லாஹ் அவருக்குச் சுவர்க்கத்தைக் கொடுக்கட்டும். சிரித்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். நான் பிறகு கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒரு நாளும் ஓட்டுகிற வலப்பக்கக் கதிரையில் இருந்ததில்லை, சும்மா நின்றபோதுகூட இருந்ததில்லை. ஆகவே முனீப் வைத்துவிட்டுப் போன அந்தப் படிவத்திலேயே, வாங்குபவர் என்ற இடத்தில் ஷிஃபானாவின் பேரை எழுதிக் கையெழுத்து வைத்தேன். அடுத்த நாள் வாகனம் பதிகிற கச்சேரிக்கு அவளே என்னை ஏற்றிக்கொண்டு போனாள், அங்கே போய்ச் சேரும் வரை எதற்குப் போகிறோம் என்று நான் சொல்லவில்லை. சொன்னபோது அவள் வேண்டாம் மாமி, அவர் என்ன சொல்லுவாரோ என்றாள். அவர் கடிதத்தில் வாசிப்பார் என்றேன். இப்போது பேரும் சாவியும் ஒருத்தியிடம்.

நோன்புப் பெருநாளுக்கு நீ வரும்போது திருகோணமலை பஸ் நிலையத்துக்கு அவள்தான் வருவாள். பெட்டியைப் பின்னால் போட்டுவிட்டு இடப்பக்கம் ஏறி இரு. பாலத்தில் ஏறும்போது கியர் மாற்று, மெல்லப் போ என்று ஒன்றும் சொல்லாதே, உன் பஸ்ஸில் யாராவது சொன்னால் நீ விடுவாயா. ஓட்ட ஆசையாக இருந்தால் அவளிடம் சாவியைக் கேள், மரியாதையாகக் கேட்டால் தருவாள். வாசனைப் போத்தல் வேண்டாம், சொக்கலேற் போதும் பிள்ளைக்கு. ஷிஃபானா உயரம் குறைவு, ஓட்டும்போது முதுகு நோகிறது என்று எனக்கு மட்டும் சொன்னாள், அங்கே வண்டிக் கதிரையில் போட நல்ல மெத்தை விற்கிறதாம், ஒன்று வாங்கி வா. நான் சொன்னதாகச் சொல்லாதே, நீயாக யோசித்ததாக இருக்கட்டும். அல்லாஹ் உன் கையையும் காலையும் கண்ணையும் காத்து, உன் உழைப்பில் பறக்கத்தும் நிறைவும் தந்து, நல்லபடி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஸுப்ஹுத் தொழுகையைத் தவறவிடாதே.

அன்புள்ள உம்மா,
றுக்கியா
ஜீப்பின் பழைய சொந்தக்காரி